மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பில் பொறுப்பு: தனிமனித ஒழுக்கமும் நிறுவனக் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் காலத்தில் நோயாளிக்குப் புதிதாக ஏற்படும் தொற்றைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. 'தொற்றுத் தடுப்பு அனைவரின் பொறுப்பு' என்னும் வழக்கமான விடை சரியானதே எனினும் போதுமானதன்று. வியன்னா (1847), ஜெனீவா (1994–1997), மிச்சிகன் (2003–2005), இங்கிலாந்து (2000–2011) ஆகிய நான்கு நிகழ்வுகளை ஒப்பிட்டு நோக்கும்போது, பொறுப்பு ஒரு பதவியோடு பிணைக்கப்பட்டு, அதை நிறைவேற்றத் தேவையான வசதியும் அதிகாரமும் வழங்கப்பட்டு, விளைவு எண்ணிக்கையாக வெளிப்படும்போதே தொற்று குறைகிறது என்பது புலனாகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பொறுப்பு பழியாகத் திரிகிறது. இம்முடிவின் வெளிச்சத்தில் இந்தியச் சட்டங்களும் வழிகாட்டுதல்களும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மருத்துவமனைசார் தொற்று, கைச்சுகாதாரம், பொறுப்பு, பொறுப்புக்கூறல், நிறுவனக் கடமை, தொற்றுத் தடுப்புச் செவிலியர்.

முன்னுரை

நோய் நீங்குவதற்காக ஒருவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். சென்ற இடத்திலேயே மற்றொரு நோயைப் பெறுவாரானால் அது மருத்துவத்தின் அடிப்படை நோக்கத்திற்கே முரணாகும். சேர்க்கப்பட்டபோது இல்லாததும், அப்போது உடலில் வளர்நிலையில் இருந்ததாகக் கருத முடியாததுமான தொற்று 'மருத்துவமனைசார் தொற்று' எனப்படுகிறது. பெரும்பான்மையான தொற்றுகளுக்குச் சேர்க்கைக்குப் பிந்தைய 48 மணி நேரம் என்பது நடைமுறை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அறுவைப் புண் தொற்று, சிறுநீர் வடிகுழாய்வழித் தொற்று, மையச் சிரைக் குழாய்வழிக் குருதித் தொற்று, செயற்கைச் சுவாசக் கருவிசார் நுரையீரல் அழற்சி ஆகிய நான்கும் இவற்றுள் முதன்மையானவை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, தீவிர நோய்களுக்கான மருத்துவமனைகளில் சேரும் 100 நோயாளிகளில் உயர்வருவாய் நாடுகளில் 7 பேரும், குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேரும் குறைந்தது ஒரு மருத்துவமனைசார் தொற்றுக்கு ஆளாகின்றனர். அவ்வாறு ஆளானோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கிறார். இத்தொற்றுகளுள் கணிசமானவை தடுக்கத் தக்கவை என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. தடுக்கும் வழிகளும் புதியன அல்ல. கை தூய்மை, கருவிகளின் கிருமிநீக்கம், சுற்றுப்புறத் தூய்மை, நோயாளிகளுக்கிடையே போதிய இடைவெளி, தேவையற்ற குழாய்களை உரிய காலத்தில் அகற்றல், நுண்ணுயிர்க்கொல்லிகளை அளவறிந்து பயன்படுத்தல் ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்டவையே.

வழி தெரிந்தும் தொற்று ஏன் தொடர்கிறது என்பதே சிக்கல். இதற்கான விடையை நுண்ணுயிரியலில் மட்டும் தேட இயலாது. பொறுப்பு எவ்வாறு பகிரப்படுகிறது என்னும் நிருவாக, அறவியல் தளங்களிலும் தேட வேண்டியுள்ளது. இக்கட்டுரை இரண்டாவது தளத்தை எடுத்துக்கொள்கிறது.

பொறுப்பு: சொல்லும் பொருளும்

தமிழில் 'பொறுப்பு' என்னும் சொல் 'பொறு' என்னும் வினையடியிலிருந்து தோன்றியது. சுமையைத் தாங்குதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'கடமை' என்பது செலுத்த வேண்டிய 'கடன்' என்னும் பொருளோடு தொடர்புடையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது வரியைக் குறித்தது. அண்மைக் காலத்தில் இலங்கைத் தமிழ் வழக்கிலிருந்து பரவிய 'பொறுப்புக்கூறல்' என்னும் சொல், செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் பிறர் முன்னிலையில் விடையளித்தலைக் குறிக்கிறது. இம்மூன்றும் ஒன்றல்ல. கையைக் கழுவுதல் ஒரு செவிலியரின் கடமை. கழுவுவதற்கான நீரும் நேரமும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் நிருவாகத்தின் பொறுப்பு. பிரிவில் தொற்று எவ்வளவு என்று மக்களுக்கு அறிவித்தல் பொறுப்புக்கூறல். இவை ஒன்றோடொன்று குழப்பப்படும்போது, சுமை எப்போதும் அதிகாரம் குறைந்தவரிடமே வந்து சேர்கிறது. தாங்குவதற்கான வலிமையை வழங்காமல் சுமத்தப்படும் சுமையைப் 'பழி' என்று அழைப்பதே பொருந்தும்.

மருத்துவத்தின் பொறுப்பைப் பகுத்துக் காணும் மரபு தமிழில் தொன்மையானது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் என நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயாளியையும் துணைபுரிபவரையும் மருத்துவரோடு ஒருங்கே எண்ணியது அப்பகுப்பின் சிறப்பு. எனினும் அது வீட்டை மையமாகக் கொண்ட மருத்துவச் சூழலுக்கு உரியது. நூற்றுக்கணக்கான நோயாளிகள் ஒரே கூரையின் கீழ்த் தங்கும் இன்றைய மருத்துவமனையில் நிறுவனம் என்னும் ஐந்தாவது கூறு சேர்ந்துவிட்டது. கட்டில்களின் இடைவெளி, பணியாளர் எண்ணிக்கை, கொள்முதல், தூய்மைப் பணி ஒப்பந்தம் ஆகியவற்றை முடிவு செய்வது இந்த ஐந்தாவது கூறே. தொற்றுத் தடுப்புப் பற்றிய விவாதத்தில் மிகப் பிந்தி இடம்பெற்றதும் இதுவே.

வியன்னா, 1847: விதி இருந்தது, காக்கும் பதவி இல்லை

வியன்னா பொது மருத்துவமனையின் பேறுகாலப் பகுதி இரண்டு பிரிவுகளாக இயங்கியது. 1840ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் தாய்மாரின் இறப்பு 11.4 விழுக்காடாகவும், இரண்டாம் பிரிவில் 2.8 விழுக்காடாகவும் இருந்தது. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கருவுற்ற பெண்கள் மன்றாடும் அளவிற்கு இவ்வேறுபாடு ஊரறிந்ததாக இருந்தது.

முதற்பிரிவின் துணை மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வெய்ஸ், 1847 மார்ச்சில் தம் நண்பர் யாகோப் கொல்லெட்ஷ்கா பிணக்கூறாய்வின்போது கத்தி கீறிய புண்ணால் இறந்ததை ஆராய்ந்தார். அவ்வுடலில் கண்ட மாற்றங்கள் பேறுகாலக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையிலிருந்து நேரே பேறுகாலப் பிரிவிற்கு வரும் மருத்துவர், மாணவர் ஆகியோரின் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்னும் முடிவிற்கு அவர் வந்தார். மே மாத நடுவில், பிரிவிற்குள் நுழைவோர் அனைவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். பின்னர்ச் செலவு கருதி, மலிவான குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசல் பயன்படுத்தப்பட்டது. 1848ஆம் ஆண்டில் முதற்பிரிவின் இறப்பு 1.27 விழுக்காடாகக் குறைந்து, இரண்டாம் பிரிவிற்கு ஏறத்தாழ இணையானது.

செம்மல்வெய்ஸின் கதை பெரும்பாலும் அறியாமைக்கு எதிரான ஓர் அறிஞரின் போராட்டமாகவே சொல்லப்படுகிறது. பொறுப்பு என்னும் கோணத்தில் நோக்கினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. கழுவும் கரைசல் வாயிலிலேயே வைக்கப்பட்டிருந்தது. விதி அனைவருக்கும் பொதுவாக இருந்தது. இறப்பு மாதந்தோறும் எண்ணப்பட்டது. வெற்றிக்கு இவை காரணங்கள். ஆனால் அவ்விதியின் உயிர் ஒரு துணை மருத்துவரின் தற்காலிகப் பதவியைச் சார்ந்திருந்தது. 1849ஆம் ஆண்டில் அப்பதவி நீட்டிக்கப்படவில்லை. பிரிவுத் தலைவர் அவருடைய கொள்கையை ஏற்கவும் இல்லை. பிற்காலத்தில் தம் கருத்தை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று குற்றஞ்சாட்டித் திறந்த மடல்களை அவர் வெளியிட்டார். சான்றுகள் அவர் பக்கம் இருந்தும் பழி கூறும் முறை மனங்களை மூடச் செய்தது. 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதியொன்றில் புண் தொற்றினாலேயே அவர் இறந்தார். சரியான அறிவும் தனிமனித உறுதியும் இணைந்திருந்தும், நிறுவனம் தன் பொறுப்பாக ஏற்காத விதி நிலைபெறவில்லை என்பதே வியன்னா தரும் பாடம்.

பதவியாக்கம்: தொற்றுத் தடுப்புச் செவிலியர்

தொற்றுத் தடுப்பு ஒரு பதவியின் பெயராக மாறுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. 1950களில் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி மருத்துவமனைகளில் பரவியது. இங்கிலாந்தின் டோர்பே மருத்துவமனை 1959ஆம் ஆண்டில் இப்பணிக்கெனவே ஒரு செவிலியரை அமர்த்தியது. பின்னர் அமெரிக்காவிலும் இம்முறை பரவியது.

இப்பதவியின் பயனை அளந்தறிந்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களில் மேற்கொண்டு 1985ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட பேராய்வு. தொற்றுகளைத் தொடர்ந்து கண்காணித்தல், கட்டுப்பாட்டு நடவடிக்கைகள், 250 படுக்கைகளுக்கு ஒரு தொற்றுத் தடுப்புச் செவிலியர், பயிற்சி பெற்ற மருத்துவர், அறுவைப் புண் தொற்று விகிதத்தை அறுவை மருத்துவர்களுக்கே திரும்ப அறிவித்தல் ஆகியவை இணைந்திருந்த மருத்துவமனைகளில் தொற்று 32 விழுக்காடு குறைந்தது. இத்தகைய திட்டம் இல்லாத மருத்துவமனைகளில் அதே காலத்தில் 18 விழுக்காடு கூடியது. பொறுப்பு ஒருவரின் முழுநேரப் பணியானதும், எண்ணிக்கை உரியவர் கைக்குத் திரும்பியதும் இவ்வேறுபாட்டின் அடிப்படை எனலாம்.

ஜெனீவா, 1994–1997: ஒழுக்கத்திலிருந்து வசதிக்கு

ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் திதியே பித்தே தலைமையிலான குழு, கை தூய்மை செய்ய வேண்டிய தருணங்களை நேரில் கண்டு பதிவு செய்தது. தொடக்கத்தில் 48 விழுக்காடு தருணங்களில் மட்டுமே விதி பின்பற்றப்பட்டது. இரு கண்டறிதல்கள் குறிப்பிடத்தக்கவை. மருத்துவர்களின் கடைப்பிடிப்பு செவிலியர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. பணிப்பளு கூடக் கூடக் கடைப்பிடிப்பு குறைந்தது. அதாவது, கை தூய்மை மிகத் தேவைப்படும் இடத்திலேயே அது மிகவும் தவறியது.

இவற்றுள் இரண்டாவது கண்டறிதல் சிக்கலின் தன்மையையே மாற்றியது. தொட்டிக்குச் சென்று சோப்பிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்திற்கு மேலாகிறது. ஒரு மணி நேரத்தில் இருபது முறை கழுவ வேண்டிய செவிலியர் விதியை முழுமையாகப் பின்பற்றினால் பிற பணிகளுக்கு நேரமிராது. ஆகவே கழுவாமை சோம்பலின் விளைவு மட்டுமன்று. பணி அமைப்பின் விளைவும் ஆகும். இதை உணர்ந்த ஜெனீவாக் குழு ஆல்கஹால் கைத்தேய்ப்பு நீர்மத்தைப் படுக்கையருகிலேயே வைத்தது; சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு குப்பிகளை வழங்கியது. தொட்டிக்குச் செல்லும் நடை தவிர்க்கப்பட்டது; நேரம் அரை நிமிடத்திற்குள் அடங்கியது. உயர் நிருவாகம் வெளிப்படையாக ஆதரவளித்தது. கடைப்பிடிப்பு விகிதம் பணியாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் கடைப்பிடிப்பு 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைசார் தொற்றுக்கு ஆளானோர் விகிதம் 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கைச்சுகாதார வழிகாட்டுதல்களும், 'கைச்சுகாதாரத்தின் ஐந்து தருணங்கள்' என்னும் வரையறையும் இப்பட்டறிவின் மேல் எழுந்தவை. நோயாளியைத் தொடுமுன், தூய்மை காக்க வேண்டிய செயலுக்குமுன், உடல் நீர்மங்கள் படக்கூடிய செயலுக்குப்பின், நோயாளியைத் தொட்டபின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்பன அவை. கைத்தேய்ப்பு நீர்மத்தை எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு உள்ளூரிலேயே தயாரிக்கும் முறையையும் அவ்வழிகாட்டுதல் தந்தது. கட்டளையோடு கருவியையும் சேர்த்து வழங்கியதே இதன் முதன்மை.

மிச்சிகன், 2003–2005: தடுத்து நிறுத்தும் அதிகாரம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் மையச் சிரைக் குழாய்வழிக் குருதித் தொற்றைக் குறைக்கும் திட்டத்தில் இணைந்தன. பீட்டர் புரோனோவோஸ்ட் தலைமையிலான குழு வகுத்த செயல்முறை ஐந்தே கூறுகளை உடையது: கை தூய்மை, குழாயைச் செலுத்தும்போது முழுமையான கிருமியற்ற உறை, தோலைக் குளோர்ஹெக்சிடினால் தூய்மை செய்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். 2006 டிசம்பரில் வெளியான முடிவின்படி, 1000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, 16 முதல் 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது.

ஐந்து கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றியாகவே இது பரவலாகப் பேசப்பட்டது. பட்டியலுக்கு வெளியே நிகழ்ந்த மூன்று மாற்றங்கள் அதே அளவு முதன்மையானவை. முதலாவது, தேவையான பொருள்கள் அனைத்தும் ஒரே தள்ளுவண்டியில் ஒருங்கே வைக்கப்பட்டன. பல மருத்துவமனைகளில் குளோர்ஹெக்சிடின் இருப்பில் இல்லாததால், அதை வாங்கி வைக்குமாறு மருத்துவமனைத் தலைமை நிருவாகிகளுக்கே கடிதம் எழுதப்பட்டது. இரண்டாவது, படிநிலை ஒன்றைத் தவறவிடும் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம், அவசர நிலை தவிர்த்த பிற வேளைகளில், செவிலியருக்கு வழங்கப்பட்டது. மூன்றாவது, தொற்று எண்ணிக்கை குறித்த காலங்களில் பிரிவுகளுக்கு அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது மாற்றம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மருத்துவமனையின் படிநிலையில் செவிலியர் மருத்துவரின் ஆணையைச் செயற்படுத்துபவர். பிழையைக் கண்ணெதிரே காண்பவரும் அவரே. காண்பவருக்குப் பேசும் உரிமை இல்லாதபோது, 'அனைவரின் பொறுப்பு' என்னும் தொடர் அவரைப் பொறுத்தவரை பொருளற்றது. அவ்வுரிமை நிருவாகத்தால் உறுதி செய்யப்பட்டபோதே பொறுப்பு அவரிடம் உண்மையாகச் சென்று சேர்ந்தது.

இங்கிலாந்து இதே முறையை 2009ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய அளவில் மேற்கொண்டது. அங்குத் தொற்று குறைந்தது. எனினும் திட்டத்தில் இன்னும் இணையாத பிரிவுகளிலும் அது குறைந்துகொண்டிருந்தமையால், குறைவு திட்டத்தின் விளைவே என்று பிரித்துக் கூற இயலவில்லை. பட்டியலை மட்டும் பெயர்த்து நட்டால் போதாது என்பதற்கும், ஒரு திட்டத்தின் பயனை மதிப்பிடுவது கடினம் என்பதற்கும் இது சான்றாகும்.

இங்கிலாந்து, 2000–2011: பொறுப்பு சட்டமாதல்

நிருவாகத்தின் பொறுப்பு எவ்வாறு சட்டக் கடமையாயிற்று என்பதற்கு இங்கிலாந்தின் தேசிய நலப்பணியே தெளிவான எடுத்துக்காட்டு. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, எந்த நேரத்திலும் நோயாளிகளில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் மருத்துவமனைசார் தொற்றுடன் இருப்பதாகவும், ஆண்டுச் செலவு 100 கோடி பவுண்டு அளவிற்கு இருக்கலாம் என்றும் கூறியது. 2001 ஏப்ரல் முதல் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் (எம்.ஆர்.எஸ்.ஏ.) குருதித் தொற்றை அறிவிப்பது கட்டாயமாயிற்று. 2003 டிசம்பரில், ஒவ்வொரு மருத்துவமனை அமைப்பிலும் தலைமை நிருவாகிக்கும் நிருவாகக் குழுவிற்கும் நேரடியாக அறிக்கையளிக்கும் 'தொற்றுத் தடுப்பு இயக்குநர்' அமர்த்தப்பட வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. 2004 நவம்பரில், எம்.ஆர்.எஸ்.ஏ. குருதித் தொற்றைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு அறிவிக்கப்பட்டது.

இந்நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்தபோதே இரு பேரிடர்கள் நேர்ந்தன. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2003 முதல் 2005 வரை இருமுறை பரவிய கிளாஸ்ட்ரிடியம் டிபிசில் தொற்றால் குறைந்தது 33 பேர் இறந்தனர். மெய்ட்ஸ்டோன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் 2004 முதல் 2006 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 90 இறப்புகளுக்கு இதே கிருமி உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ முதன்மைக் காரணம் என்று 2007 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. இரு விசாரணைகளும் தனி மருத்துவர் ஒருவரின் அல்லது செவிலியர் ஒருவரின் தவறோடு நின்றுவிடவில்லை. நிருவாகக் குழுக்கள் நிதிநிலையிலும் காத்திருப்பு நேர இலக்குகளிலும் கவனம் செலுத்தித் தொற்றைப் புறக்கணித்தமை, தொற்றுற்றோரைத் தனிமைப்படுத்த இடமின்மை, செவிலியர் பற்றாக்குறை, நெருக்கமான கட்டில்கள் ஆகியவை சுட்டப்பட்டன. வார்டில் நிகழ்ந்த இறப்பின் வேர் நிருவாகக் கூட்டத்தில் இருந்தது என்பதே விசாரணைகளின் சாரம்.

2006ஆம் ஆண்டின் நலவாழ்வுச் சட்டத்தின் கீழ் வெளியான நடைமுறைத் தொகுப்பு தொற்றுத் தடுப்பை மருத்துவமனை அமைப்புகளின் சட்டக் கடமையாக்கியது. 2003–04இல் 7,700 ஆக இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ. குருதித் தொற்று, 2007–08இல் 4,451 ஆகவும், 2010–11இல் 1,481 ஆகவும் குறைந்தது. இக்குறைவில் கிருமியின் இயல்பான மாற்றங்களுக்கும் பங்கு இருக்கலாம் என்றாலும், நிருவாகத் தலைமையின் கவனம் திரும்பியதன் பங்கை மறுக்க இயலாது. அதேவேளை, இலக்கு வகுக்கப்படாத ஈ.கோலை குருதித் தொற்று அதே காலத்தில் உயர்ந்துவந்தது. எண்ணப்படுவது கவனிக்கப்படுகிறது, எண்ணப்படாதது விடுபடுகிறது. அளவீட்டைச் சார்ந்த பொறுப்பின் வரம்பு இது.

தூய்மைப் பணியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1983ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளின் தூய்மைப் பணி ஒப்பந்தப்புள்ளிக்கு விடப்பட்டது. வார்டின் பொறுப்புச் செவிலியருக்குத் தம் வார்டைத் தூய்மை செய்பவர்மீது நேரடி அதிகாரம் குன்றியது. 2004ஆம் ஆண்டில் வெளியான தலைமைச் செவிலியர் சாசனம் அவ்வதிகாரத்தை மீண்டும் வார்டுக்கே கொண்டுவர முயன்றது. ஒப்பந்தத்தால் பணியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் தொற்றுத் தடுப்போடு தொடர்புடைய சட்ட வலிமை மிக்க ஆவணம் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளாகும். 1998ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு விதிகள், நிறுவனத்தின் மீது நிருவாகக் கட்டுப்பாடு உடையவரையே கடமையாளராக வரையறுக்கின்றன. பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தல், கல்லீரல் அழற்சி பி வகைக்கும் இரண ஜன்னிக்கும் எதிரான தடுப்பூசி போடுதல், காப்புக் கருவிகள் வழங்குதல், 30 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் குழு அமைத்தல், அதற்குக் குறைந்த இடங்களில் தகுதியுடைய ஒருவரை அமர்த்துதல் ஆகியவை அவர் கடமைகள். பதவி, வசதி, அறிக்கை என்னும் மூன்றும் இவ்விதிகளில் இடம்பெற்றுள்ளன. ஆனால் இவற்றின் எல்லை கழிவோடு முடிகிறது.

நோயாளிக்கு ஏற்படும் தொற்றைப் பொறுத்தவரை நிலை வேறு. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய காயகல்ப் திட்டம் அரசு மருத்துவமனைகளைத் தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு முதலிய கூறுகளில் மதிப்பிட்டுப் பரிசளிக்கிறது. 2020 ஜனவரியில் நடுவண் நலவாழ்வு அமைச்சகம் தொற்றுத் தடுப்பிற்கான தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, அதன் செயற்குழு, தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் ஆகிய அமைப்புகளை அது விவரிக்கிறது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இணைந்து நடத்தும் கண்காணிப்பு வலையமைப்பு, பங்கேற்கும் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தொற்றை ஒரே வரையறையின்படி பதிவு செய்கிறது. இவை பயனுள்ள தொடக்கங்கள். எனினும் பரிசு ஊக்குவிக்கும், வழிகாட்டுதல் வழிகாட்டும், இரண்டும் கடமையாக்குவதில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தொற்று விகிதத்தை வெளியிட வேண்டும் என்னும், நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டக் கட்டாயம் இல்லை. ஒரு மருத்துவமனையின் கழிவுப் பை எத்தனை என்பதற்குச் சட்டப்படி கணக்கு உண்டு; அங்கு எத்தனை அறுவைப் புண்களில் சீழ் பிடித்தது என்பதற்கு இல்லை.

நீதித்துறை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியுள்ளது. மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரும் என்று 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பில், மருத்துவமனையை நம்பிச் சேர்ந்த நோயாளி எந்த மருத்துவர் தவறு செய்தார் என்று பெயரிட்டுக் காட்ட வேண்டியதில்லை; உரிய கவனம் செலுத்தப்பட்டது என்பதை விளக்க வேண்டியது மருத்துவமனையே என்று கூறியது. மருத்துவர் நிரந்தரப் பணியாளரா ஒப்பந்தப் பணியாளரா என்பதும் மருத்துவமனையின் பொறுப்பை மாற்றுவதில்லை. தொற்றுக்கு இத்தீர்ப்பு மிகப் பொருந்துவது. ஏனெனில் எந்தக் கை கிருமியைக் கொண்டுவந்தது என்று எந்த நோயாளியாலும் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் நீதிமன்றம் தீங்கு நேர்ந்தபின் செயற்படுவது. தடுப்பு அதற்கு முன்னரே நிகழ வேண்டும்.

இந்திய வார்டின் இரண்டு இயல்புகள் அயல்நாட்டு வழிகாட்டுதல்களில் போதிய இடம் பெறாதவை. ஒன்று, உடனிருப்போரின் பங்கு. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல், உடல் துடைத்தல், உணவூட்டல், கழிகலம் எடுத்தல் ஆகிய தொடுபணிகளில் பெரும்பகுதியை அரசு மருத்துவமனைகளில் உறவினரே செய்கின்றனர். திருக்குறள் கூறிய நான்காவது கூறு இங்கு இன்றும் உயிரோடுள்ளது. ஐந்து தருணங்களும் அவர்களுக்கும் பொருந்தும். பயிற்சியும் கைத்தேய்ப்பு நீர்மமும் பணியாளருக்கு மட்டுமே திட்டமிடப்படுகின்றன. உடனிருப்போரின் கூட்டத்தைத் தொற்றுக்குக் காரணமாகச் சுட்டுவோர், அவர்கள் செவிலியர் பற்றாக்குறையை ஈடுசெய்கின்றனர் என்பதை மறந்துவிடுகின்றனர். மற்றொன்று, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் நிலை. தரையையும் கட்டில் கம்பிகளையும் துடைப்பவரே தொற்றுச் சங்கிலியை அறுப்பவர். அவருக்கு ஊதியம் தருபவர் ஒருவர், வேலை ஏவுபவர் மற்றொருவர். இங்கிலாந்தில் கண்ட பிளவு இங்கும் நிலவுகிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் அவருக்கு இடம் இருப்பது அரிது.

தனிமனிதப் பொறுப்பு நீங்குகிறதா?

அமைப்பின் பொறுப்பை வலியுறுத்துவது, தவறு செய்யும் தனிமனிதருக்கு மறைவிடம் தருவதாகும் என்னும் மறுப்பு எழலாம். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. இராபர்ட் வாக்டரும் புரோனோவோஸ்டும் 2009ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இதற்குச் சமநிலையான விடை அளிக்கிறது. படுக்கைதோறும் கைத்தேய்ப்பு நீர்மம், பயிற்சி, முறையான கண்காணிப்பு ஆகியவை உறுதி செய்யப்பட்ட பின்னரும் ஒருவர் மீண்டும் மீண்டும் கை தூய்மையைத் தவிர்த்தால், அவர்மீது நடவடிக்கை எடுப்பது முறையே என்பது அவர்கள் வாதம். இங்கு வரிசையே முதன்மை. வசதி முன்னும் தண்டனை பின்னும் வருமானால் அது நீதி. வரிசை மாறினால் பழி சுமத்தல்.

தண்டனையை மட்டும் நம்புவதன் வரம்பையும் அமெரிக்கப் பட்டறிவு காட்டியுள்ளது. 2008 அக்டோபர் முதல், சிலவகை மருத்துவமனைசார் தொற்றுகளால் ஏற்படும் கூடுதல் செலவை அந்நாட்டின் மெடிகேர் காப்பீடு ஏற்பதில்லை. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இக்கொள்கையால் தொற்று விகிதத்தில் அளவிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்று கண்டது. பணிமுறையைத் தொடாத பணத்தண்டனை கணக்கேட்டோடு நின்றுவிடுகிறது.

முடிவுரை

ஆராய்ந்த நிகழ்வுகளிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கும் கடமை நோயாளியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அக்கடமையை நிறைவேற்றத்தக்க சூழலை உருவாக்கும் பொறுப்பு நிருவாகத் தலைமைக்கே உரியது. முன்னதைச் சுட்டிப் பின்னதை மறைத்தல் கூடாது.

2. பொறுப்பு நடைமுறையாவதற்கு மூன்று தேவைப்படுகின்றன: ஏற்கும் பதவி, நிறைவேற்றும் வசதியும் அதிகாரமும், விளைவைக் காட்டும் அறிக்கை. வியன்னாவில் முதலாவது இல்லை. ஜெனீவாவும் மிச்சிகனும் இரண்டாவதால் வென்றன. இங்கிலாந்து மூன்றாவதைச் சட்டமாக்கிப் பயன் கண்டது. எண்ணாததைக் கவனிக்கத் தவறியது.

3. படிநிலையில் கீழுள்ளோர் பிழையைக் கண்டால் தடுத்து நிறுத்தும் உரிமை பெறாதவரை, அனைவரின் பொறுப்பு என்பது முழக்கமாகவே எஞ்சும்.

4. இந்தியாவில் கழிவு மேலாண்மைக்கு உள்ள சட்ட வலிமை தொற்றுக் கண்காணிப்புக்கும் அறிவிப்புக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும். உடனிருப்போரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும் தொற்றுத் தடுப்புத் திட்டத்தின் உறுப்பினராகக் கொள்ளப்பட வேண்டும். அவர்களுக்கான பயிற்சியும் பொருளும் திட்டச் செலவில் இடம்பெற வேண்டும்.

செம்மல்வெய்ஸ் காலத்தில் தொற்றின் காரணமே ஐயத்திற்குரியதாக இருந்தது. இன்று காரணமும் தெரியும், வழியும் தெரியும். எஞ்சியிருப்பது, வார்டில் நேரும் ஒவ்வொரு தொற்றுக்கும் நிருவாகக் கூட்டத்தில் விடையளிக்க வேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் பணியாகும்.